அரை டிகிரியும் ஆறு பிளம்பர்களும்

என் எமிரேட்ஸ் ஐடி என்கிற அடையாள அட்டையின் பின்பக்கத்தில் என் தொழில் தையல்காரர் என்று அச்சாகியிருந்தது. எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. பட்டன் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிற ரகம் நான். துபாயில் சத்வாவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. சேர வருகிறவர்களுக்கு விவரம் சொல்வேன், ஃபீஸ் வாங்குவேன், படிவம் நிரப்புவேன், ஏசி நின்றுபோனால் ஆளைக் கூப்பிடுவேன். எங்கள் முதலாளிக்குக் கல்லூரியோடு ஒரு தையல் கடையும் இருந்தது. நான் வந்து சேர்ந்த நேரத்தில் கல்லூரியின் பெயரில் விசா மிச்சமில்லை, தையல் கடையின் பெயரில் ஒன்று இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கம்பெனியில் எந்தத் தொழிலுக்கு விசா மிச்சமிருக்கிறதோ அந்தத் தொழில்காரராக விமானத்தை விட்டு இறங்குவோம். பார்க்கிற வேலை வேறாக இருக்கும். ஊரில்தான் இது புரியாது. முதல் லீவில் போனபோது என் நாத்தனார் அட்டையைப் படித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே மூன்று பிளவுஸ் துணியும் அளவு பிளவுஸும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு வராது என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. துபாய்க்குப் போனதும் எனக்குக் கூலி வாங்காமல் தைக்க மனசு வரவில்லை என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கல்லூரி என்றதும் மரங்களையும் மைதானத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி, மூன்று வகுப்பறை, ஒரு தண்ணீர் மெஷின். கடல் தாண்டி இருந்த ஒரு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு, பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் அசோசியேட் டிகிரி நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டு வருடப் படிப்பு, அதாவது முழு டிகிரியில் பாதி. மீதியைப் பிறகு வேறெங்காவது படித்து முழுசாக்கிக்கொள்ளலாம். மாணவர்கள் இதை அரை டிகிரி என்றே சொல்வார்கள். நான் மட்டும் அசோசியேட் என்று நீட்டி முழக்குவேன். அரை என்று நாமே ஒப்புக்கொண்டால் ஃபீஸையும் பாதியாகக் கேட்பார்களே.

அந்த ஃபீஸ் ஒரு தனிக்கதை. நோட்டீஸில் டெர்ம் ஃபீஸ் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். பதிவுக் கட்டணம், புத்தகம், பரீட்சைக் கட்டணம், பழைய சர்டிஃபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன், கடைசியில் கறுப்பு கவுனுக்கு வாடகை என்று மற்றதெல்லாம் மாதம் ஒன்றாகத் தலைகாட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் ஆள் பயந்து ஓடிவிடும் என்பது முதலாளியின் கொள்கை. நான் முதல் நாளே மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். பாதிப் பேர் படியிறங்கும்போதே தாளைப் பார்த்து நின்றுவிடுவதை ஜன்னல் வழியே நானே பார்த்திருக்கிறேன்.

“சிஸ்டரே, நீங்க ஆளைச் சேர்க்கிறீங்களா, விரட்டுறீங்களா?” என்பார் முதலாளி. மலையாளி. கோபப்பட்டாலும் மரியாதை குறையாது.

திரும்பிவந்து சேர்ந்தவர்கள் எல்லா வகையிலும் இருந்தார்கள். இங்கேயே பிறந்து பள்ளி முடித்து, வெளியூருக்கு அனுப்ப அம்மாவுக்கு மனசு வராத பிள்ளைகள் சிலர். ஃபீஸுக்கு அப்பாவின் செக் வரும், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வரும். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாங்களும் பை மாட்டிக்கொண்டு வந்த குடும்பப் பெண்கள் சிலர். மற்றவர்கள் வேலையில் இருந்தவர்கள். பத்து வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நேற்று வந்த டிகிரிக்காரன் தனக்கு மேனேஜர் ஆனதைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சேர்ந்தவர்கள். நன்றாகப் படித்தவர்கள் இவர்கள்தான்.

கடைசிப் பெஞ்சில் ஒரு தம்பி இருந்தார். அரியலூர்ப் பக்கம். முப்பது வயதிருக்கும். கட்டட சைட்டில் ஷட்டரிங் கார்பெண்டர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடைத்து முட்டுக் கொடுக்கிறவர். வாரம் ஆறு நாள் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து, தேய்த்த சட்டையோடு வகுப்புக்கு வந்துவிடுவார். எங்கள் கல்லூரியில் உண்மையிலேயே உடம்பால் உழைத்துப் படித்தவர் அவர் ஒருவர்தான். தொழிலாளியை எப்படி ஊக்கப்படுத்துவது என்று வாத்தியார் ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டுக் கேள்வி கேட்டபோது, இந்தத் தம்பி எழுந்து, “ஃபோர்மேன் திட்டாம இருந்தா போதுங்க சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாத்தியார் அதைப் போர்டில் எழுதினார்.

வகுப்பு முடிந்ததும் தம்பி என் அலுவலகத்துக்கு வருவார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு டை தொங்கும். ஐடி கார்டு போட்டோவுக்காகக் கல்லூரி வாங்கிவைத்த பொது டை அது. அதைக் கட்டிக்கொண்டு, ஃபைல் அலமாரிக்கு முன்னால் நின்று, ஊரிலிருக்கும் மனைவியோடு வீடியோ காலில் பேசுவார். முதல் இரண்டு தடவை நான் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் தடவை வாயைப் பிடுங்கினேன்.

“கார்டுல க்ளார்க்குன்னு அடிச்சிட்டாங்கக்கா. கம்பெனில அந்த விசாதான் மிச்சம் இருந்துச்சாம்” என்றார். “பொண்ணு பாக்கப் போனப்ப மாமனாரு கார்ட வாங்கி, பக்கத்து வீட்டு வாத்தியார விட்டுப் படிக்கச் சொன்னாரு. நான் ஒரு வார்த்த பொய் சொல்லலக்கா. அவங்களே படிச்சுக்கிட்டாங்க.”

“வாயைத் திறந்து இல்லைன்னு சொன்னியளா?”

“அதுவும் சொல்லலக்கா.”

கல்யாணமாகி மூன்று வருடம். ஒருநாள் உண்மையிலேயே க்ளார்க் ஆகிவிட்டால் சொல்லாமல் விட்டது சொல்லாமலே போய்விடும் என்பதுதான் அவர் திட்டம். கம்பெனி ஆபீசில் ஒரு ஸ்டோர் க்ளார்க் இடம் காலியாகப் போகிறது, கையில் ஒரு டிகிரி இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்களாம். அதற்குத்தான் இந்தப் படிப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லாமல் இரண்டு வருடம் ஃபீஸ் கட்டிப் படிக்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லையே என்று மரியாதையும் வந்தது.

இந்த நேரத்தில்தான் மாணவர் விவரப் படிவம் வந்தது. கடல் தாண்டிய கல்லூரி வருடா வருடம் அனுப்புவது. மாணவர்களின் வயது, நாடு, தாய்மொழி, தொழில், ஃபீஸ் கட்டுவது யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். தொழில் கட்டத்தில் நான் வழக்கமாக மாணவர்களைக் கேட்டு எழுதிவிடுவேன். அந்த வருடம் புதிதாக ஒரு குறிப்புப் போட்டிருந்தார்கள். தொழில், அரசு ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டுமாம். எனக்கென்ன, வேலை மிச்சம் என்று எல்லோருடைய அட்டைகளையும் வாங்கி, பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடித்து அனுப்பிவிட்டேன். ஒரு தடவையாவது மொத்தமாகப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இருபத்துமூன்று பேர் கொண்ட எங்கள் பிசினஸ் வகுப்பு அந்தப் படிவத்தின்படி இப்படி இருந்தது. பிளம்பர்கள் ஆறு பேர். கல்லூரிக் குளியலறைக் குழாய் வருடம் முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது, அதை மூட ஒருவருக்கும் தெரியாது. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு மேலாளர். வீட்டுச் சமையல்காரர் ஒருவர், அவருக்கு நூடுல்ஸ்கூட அடிபிடித்துவிடும். கோழிப்பண்ணைத் தொழிலாளி ஒருவர், அவர் ஒரு கார் ஷோரூமில் விற்பனை அதிகாரி. பலகை அடிக்கிற எங்கள் அரியலூர்த் தம்பி மட்டும் க்ளார்க்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கடல் தாண்டியவர்களுக்குப் படிவத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டதாம். உழைக்கும் மக்களுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த எங்கள் கல்லூரியை வாழ்த்தியிருந்தார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உடலுழைப்புத் தொழிலில் இருக்கும் மாணவர்களுக்குக் கடைசி டெர்ம் ஃபீஸ் முழுவதும் தள்ளுபடி என்றும் எழுதியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மேஜைக்கு முன்னால் ஆறு பிளம்பர்களும் வந்து நின்றார்கள். அத்தர் வாசனை மூக்கைத் துளைத்தது. முன்னால் நின்றவர் நகைக்கடையில் சேல்ஸ்மேன், மதுரைக்காரர், கையில் கார்ச் சாவி.

“மேடம், ஆறு வருசமா இந்தப் பிளம்பர் பேர வச்சு மானம்தான் போயிருக்கு. சொந்தக்காரன் வீட்டுக்குப் போனா வாஷ் பேசினக் காட்டுறான். ஒரே ஒரு தடவ பிரயோஜனமா வருது, விடுங்களேன்” என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அவர்கள் போனபிறகு அரியலூர்த் தம்பி வந்தார். வழக்கமாக நேரே டையைத் தேடிப் போகிறவர், அன்றைக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மூன்று மாதமாக ஓவர்டைம் இல்லை, கடைசி டெர்ம் ஃபீஸைக் கட்ட வழியில்லை, தள்ளுபடி என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்களே, தன் பெயரும் இருக்கிறதா என்று கேட்டார். பட்டியலைப் பார்க்காமலே எனக்குப் பதில் தெரியும். க்ளார்க்குக்குத் தள்ளுபடி கிடையாது. கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒன்றே முக்கால் வருட ஞாயிற்றுக்கிழமைகள் வீண். ஸ்டோர் க்ளார்க் வேலையும் வேறொருவனுக்குப் போகும்.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. கேட்டு எழுதியிருந்தால் முதல் ஆளாக அவருக்குக் கிடைத்திருக்கும். சோம்பேறித்தனத்தில் அட்டையைப் பார்த்து அடித்தவள் நான். நடந்ததையெல்லாம் கடல் தாண்டிய கல்லூரிக்கு எழுதிவிடப்போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“எழுதினா எல்லாரோட தள்ளுபடியும் போகும், நம்ம பேரும் போகும். கலாஸ், முடிஞ்சது, விடுங்க சிஸ்டரே.”

விடவில்லை. இங்கே அட்டையில் இருக்கிற தொழில் ஒன்று, ஆள் செய்கிற தொழில் இன்னொன்று என்று தொடங்கி, பிளம்பர்களின் கார்ச் சாவி வரைக்கும் எழுதினேன். கடைசியில், இதை எழுதுகிற நானே அரசு ஆவணத்தின்படி ஒரு தையல்காரர் என்று கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் அங்கிருந்த ஓர் அம்மாள் பதில் போட்டார். மரியாதையான பதில். அட்டையை ஆதாரமாக எடுக்க மாட்டார்கள். உண்மையிலேயே உடலுழைப்பு செய்கிறவர் கம்பெனியிடமிருந்து கடிதம் தரலாம், இல்லையென்றால் வேலை உடையில் எடுத்த படம் ஒன்று தரலாம். அந்தப் படம் போன வருடம் எடுத்ததாக இருக்க வேண்டும், தள்ளுபடிக்காக இப்போது எடுத்ததாக இருக்கக் கூடாது. வரும் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

ஆறு பிளம்பர்களும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மதுரைக்காரர் மட்டும், “சும்மா இருந்தத தட்டி எழுப்பிட்டீங்களே மேடம்” என்று படியேறும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

தம்பி கம்பெனியில் போய்க் கடிதம் கேட்டார். க்ளார்க் விசாவில் கார்பெண்டர் வேலை என்று எழுத்தில் கொடுத்தால் அபராதம் எங்களுக்குத்தான், மாஃபி லெட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். மாஃபி என்றால் இல்லை. அந்த அரபு வார்த்தையை அவர் அளவுக்குக் கேட்டவர்கள் குறைவு. மிச்சமிருந்தது படம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு அவரைப் பிடித்து உட்காரவைத்துப் போனைக் காட்டச் சொன்னேன். நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாம் டையோடு, அலமாரிக்கு முன்னால், கல்லூரிப் படிக்கட்டில், யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்துகொண்டு. ரூமில் எடுத்தவை சில இருந்தன. அவற்றில் லுங்கி.

“சைட்ல போன் எடுக்க விட மாட்டாங்கக்கா. வெளில எடுத்தாலும் அந்த டிரஸ்ஸோட நான் எடுத்ததில்ல. எப்படியாவது ஊருக்குப் போயிருமோன்னு பயம்.”

“கூட வேலை பாக்கியவங்ககிட்ட?”

“கேட்டுப் பாத்துட்டேன். யார்கிட்டயும் இல்ல.”

மறைப்பதில் அவ்வளவு சுத்தம். தன்னைத்தானே இப்படிக் கச்சிதமாக மறைத்துக்கொண்ட ஒருவருக்கு நான் என்ன செய்ய முடியும் என்று அலுத்துக்கொண்டேன். அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி. வழக்கமாகப் பேசுகிற நேரம்தான். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

“என்ன தம்பி, எடுக்க மாட்டியளா? பாவம், அங்க பயந்து போயிருக்கும்லா” என்றேன்.

எடுத்தார். டை கட்டவில்லை. திரையில் ஒரு பெண் முகம். ஏன் முகம் வாடிக்கிடக்கிறது, சாப்பிட்டீங்களா, உடம்புக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை குறைவு என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேஜையைச் சுற்றிப் போய்ப் போனுக்குள் தலையை நீட்டினேன்.

“தங்கச்சி, நான் காலேஜ் ஆபீஸ்ல இருந்து பேசுதேன். ஒங்க மாப்பிள டூட்டி டிரஸ்ல இருக்கிய பழைய போட்டோ வல்லதும் ஒங்ககிட்ட உண்டுமா?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. போனை மேஜையில் கவிழ்த்துவிடப் போனவர், பாதியில் நிறுத்தி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அந்த மனிதர் காப்பாற்றிவந்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டேன். ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்.

“எந்த டிரஸ்ஸுங்க மேடம்? நீலத்துல ரெண்டு இருக்கு. ஆரஞ்சு போட்டது ஒண்ணு இருக்கு.”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“வேல முடிஞ்சு பஸ்ல வரும்போது கூப்புடுவீங்கல்ல. இருட்டுல மூஞ்சி மட்டும் தெரியற மாதிரி போன புடிச்சுக்கிட்டு. பேசிக்கிட்டே தூங்கிருவீங்க. போன் மடில சாஞ்சு கெடக்கும். அப்புறம் வழில லைட்டு வரும், எல்லாம் தெரியும். தலைல தொப்பி, சட்டையெல்லாம் சிமெண்டு. சும்மா பாத்துக்கிட்டே இருப்பேன். அப்ப எடுத்து வச்சதுதான்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“கல்யாணத்துக்கு அப்புறம் மொத லீவுக்கு வந்தப்பவே. பேனா புடிக்கிற கையா அது? தொட்டாலே கீறுது.”

மறைக்காமல் சொல்கிறேன், அழுதேன். தண்ணீர் மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டேன், ஆனால் காது இங்கேதான் இருந்தது. இவர், ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று கேட்டார். டை கட்டி நிற்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன் என்றாள் அவள்.

மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. தேதி போன வருடத்து மார்ச்சைக் காட்டியது. நீலச் சட்டைப் படம்தான் தெளிவாக இருந்தது. பஸ் ஜன்னலில் தலை சாய்ந்து, ஹெல்மெட் ஒரு பக்கம் சரிந்து, புருவத்திலெல்லாம் சிமெண்ட். அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

“வாய மூடிக்கிட்டாவது தூங்கிருக்கலாம்” என்றார்.

அனுப்பட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். நான் கம்ப்யூட்டரில் படத்தை இணைத்துக்கொண்டிருந்தபோது, போனில் இன்னும் இருந்த அந்தப் பெண் ஃபீஸ் விஷயம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்னும் எத்தனை மாதம், எத்தனை பரீட்சை, எல்லாவற்றிலும் பாஸாகிவிடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“சீக்கிரம் படிச்சு முடிங்க” என்றாள். “நீங்க சும்மா இருந்துட்டீங்க. க்ளார்க்கு க்ளார்க்குன்னு எங்கப்பாகிட்ட மூணு வருசமா வாயத் தொறந்து பொய் சொல்றது நான்தான்.”